சாரல் எட்டாத ஊர்

1962 ஆனியில் நான் தென்காசியில் சமூக நல ஊழியன். மேலகரத்தில் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு பெண்ணுக்கு டி.பி. என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவளை ஒரு வருஷம், நல்ல காற்றே பாதி மருந்து என்று நம்பி நடத்திய சானடோரியத்திலும் பிள்ளைகளை விடுதியிலும் சேர்ப்பது என்று எங்கள் மேற்பார்வையாளர் அம்மா முடிவு செய்தார்.

“திரும்பி வருததுக்குள்ள சின்னது என்னைய மறந்துரும், அண்ணாச்சி” என்றாள் அந்தப் பெண்.

சென்னையில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றி நான் அப்போதுதான் படித்திருந்தேன். வீட்டிலிருந்தபடியே மாத்திரை தவறாமல் சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. தம்பியை வீட்டில் வைத்தே பார்த்து, இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். அப்போது இந்த மாத்திரைகள் கிடையாது என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

“மெட்ராஸ்காரன் புழுக்கத்துல கெடந்து எழுதுனது. நல்ல காத்துன்னா என்னன்னு அவனுக்கு என்ன தெரியும்?”

ஆபீசே சிரித்தது. ஆராய்ச்சி பரீட்சை எழுதத்தான் ஆகும், நாம் பார்ப்பது மனுஷர்களை என்றார் இன்னொரு ஊழியர். நானும் மனுஷியைத்தான் சொல்கிறேன் என்று சொல்லச் சலிப்பாக இருந்தது.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது ஆராய்ச்சி அல்ல. சானடோரியத்தில் படுக்கை காலியில்லை. அவள் வீட்டிலேயே இருந்தாள். வாரந்தோறும் சைக்கிளில் போய், மாத்திரை தீர்ந்திருக்கிறதா என்று பார்த்து வந்தேன். அடுத்த ஆனியில் நெஞ்சு எக்ஸ்ரே படம் சுத்தமாக வந்தது.

இனியாவது நம்புவார் என்று படத்தை அம்மாவிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“பாத்தீங்களா தம்பி, மேலகரம்லா. குத்தாலத்துச் சாரல் வாசலுக்கே வருது. பெறகு சானடோரியம் எதுக்கு?”

மேஜையில் அடுத்த மனு இருந்தது. சுரண்டைப் பெண், அவளுக்கும் டி.பி., கைக்குழந்தைக்காரி. இந்தத் தடவை படுக்கையும் காலியாக இருந்தது.

“சுரண்டையில ஏது சாரல்? இவள அனுப்பிருவோம்” என்று கையெழுத்துப் போட்டார்.

“மெட்ராஸ்லயும் சாரல் கிடையாதேம்மா” என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு, போய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது என்றார். சுரண்டை பஸ்ஸில் உட்கார்ந்தேன். பிள்ளையை யாரிடம் விடுவது என்று அவள் கேட்பாள்.