மீசை வழியே வந்த கடல்

என் மனைவியின் பிறந்த வீட்டுச் சுவரில், ஓர் ஆணியில், கடலுக்குள் பார்க்கிற கண்ணாடி ஒன்று தொங்கியது. கறுத்த இறப்பர் விளிம்பு. முகத்தின் பாதியை மூடும் கண்ணாடி. பக்கத்தில் செருகிய வளைந்த மூச்சுக்குழாய். அவளுடைய அண்ணனுடையது அது. குருநகரில் கடலட்டை பிடிக்கக் குளியோடுகிறவன் அவன். காணாமல் போன அன்று அட்டைக்குப் போகவில்லை, வலைக்குப் போனான். அதனால் அவன் போனான், கண்ணாடி மிஞ்சியது.

நாலு வருடம் அது அங்கேயே தொங்கியது. கடற்படை சுட்டது என்றார்கள் சிலர். இந்தியாவுக்கு அடித்துக்கொண்டு போயிருப்பான், ஏதாவது முகாமில் இருப்பான் என்றார்கள் சிலர். மாமி, அவனைப் பெற்றவர், இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். அவன் ஆன்மா இளைப்பாற ஒரு பூசை ஒப்புக்கொடுப்போமா என்று வேதக் கோயில் சுவாமியார் வந்து கேட்டபோது, "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கோ சுவாமி?" என்று கேட்டு உள்ளே போய்விட்டார். என் மனைவி எந்தப் பக்கமும் சாயவில்லை. அவன் இருக்கிறான் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. செத்தான் என்றும் கேட்டதில்லை. அண்ணன் என்று தொடங்கும் வசனங்களுக்கு அவளிடம் முடிவு இல்லை.

தொண்ணூறாம் ஆண்டுச் சித்திரையில் ஓர் இடைவெளி வாய்த்தது. இந்திய இராணுவம் கப்பலேறிவிட்டது. அடுத்த சண்டை இன்னும் வந்து சேரவில்லை. சனம் அவசர அவசரமாகக் கலியாணம் செய்தது, கூரை வேய்ந்தது, ஐஸ்கிறீம் குடித்தது. எனக்கும் அந்த அவசரம் தொற்றியது. கலியாணமாகி ஐந்து வருடம், இருவரும் சேர்ந்து ஓரிடமும் போனதில்லை. நான் வேலை செய்த கந்தோர்ச் சுவரில் ஒரு கலண்டர்: எந்தத் தீவோ, நீலத் தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரச் சோடி முகம் கவிழ்ந்து, கைகோத்து மிதக்கிறது, முதுகில் வெயில் உருகி ஓடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டேன், மூன்று நாள் நெடுந்தீவுக்குப் போவோமா என்று.

"ஓம்" என்றாள். நான் கேட்டு முடிக்கவும் இல்லை.

பை அடுக்கும்போது காரணம் தெரிந்தது. என் துவாய்க்கும் அவளுடைய சேலைக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி.

"நெடுந்தீவுக்கு மேற்காலை ஒரு நீல வள்ளம் கடலுக்கடியிலை தாண்டு கிடக்காம். அங்கை இருக்கிற மாமா சொல்லி அனுப்பினவர். ரெண்டு பாகத் தண்ணி, ரெண்டு ஆள் ஆழம்தானாம்." சேலையை எடுத்துக் கண்ணாடியை மூடினாள். "அண்ணையின்ரையெண்டால் முன்னுக்கு அணியத்திலை சிலுவை இருக்கும். தன்ரை கையாலை கீறினவர். சிலுவையிலை ஒரு கை கட்டை."

"உமக்கு நீந்தத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமெல்லே."

தெரியும். ஆனால் நான் உரும்பிராயான். தோட்டக் கிணற்றில் நீந்திப் பழகியவன், அறுந்து விழுந்த வாளிகளைச் சுழியோடி எடுத்துப் பேர் வாங்கியவன். கிணற்றில் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர் இருக்கும். அவளோ கடலோரத்தில் பிறந்து, கணுக்காலுக்கு மேல் கடல் அறியாதவள். அவர்கள் வீட்டில் கடல் ஆண்களுடையது. பெண்களுக்குக் காத்திருப்பு.

பண்ணைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் தகரம் போலக் கிடந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறினோம். மண்ணெண்ணெய் மணம், கோழிகள், ஒரு தையல் மெஷின், எங்கள் இருவருடைய விடுமுறை. நெடுந்தீவில் வேலிகள்கூடக் கடலிலிருந்து வந்தவை, செத்த பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள். அவற்றுக்கிடையே மட்டக்குதிரைகள் மெலிந்து நின்றன. அவளுடைய தாய்மாமன் வீட்டில் தங்கினோம்.

முதல் நாள் பின்னேரம் மட்டும் கலண்டரைப் போல ஏதோ நடந்தது. மணலில் இருந்தோம். பிஸ்கட் தின்றோம். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அவள் முழங்கால்வரை இறங்கினாள். அலை ஒன்று தள்ள, என் தோளைப் பிடித்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை ஏதோ களவெடுத்த பொருள் மாதிரி வாய்க்குள் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒன்றுமில்லாத கடல், பார்க்கப் பார்க்க அதிகமாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மாமா தன் வள்ளத்தில் எங்களை ஏற்றினார். சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை, கடல் படுத்திருந்தது. என்னைக் கண்டதிலிருந்து அவருக்கு வாய் ஓயவில்லை.

"உரும்பிராயார், இதுக்குத் துலா இல்லை கண்டியளோ. விழுந்தால் வாளியோடை தூக்கேலாது."

"நீங்கள் மிளகாய்க்கண்டு நட்டால் நான் தண்ணி மாறுறன், மாமா" என்றேன்.

"உப்புத் தண்ணி மாறிப்போட்டு உறைப்பில்லை எண்டு சொல்லுவியள்." சிரித்தார். வள்ளத்தை நிறுத்தியதும் சிரிப்பு நின்றது. "கீழைதான்" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குதித்தேன். இரண்டு கையடி போகவில்லை, மூக்கடியில் தண்ணீர் நிரம்பியது. மேலே வந்து ஊற்றினேன், திரும்பக் குனிந்தேன். திரும்ப நிரம்பியது. வார்ப்பட்டையைத் தலை நோக இறுக்கினேன். உப்பு மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கியது. கடல் நேரே என் மீசை வழியாக வந்துகொண்டிருந்தது. இறப்பர் விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும். மயிரில் ஒட்டாது. இருமி இருமி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தேன்.

அவள்தான் சொன்னாள், என்னைப் பாராமல்: "அண்ணை மீசை வைக்கிறேல்லை."

எங்கள் கலியாணப் படத்தில் வழுவழுத்த முகத்தோடு நிற்பான். பொம்பிளை மாதிரி என்று என் பக்கத்துச் சொந்தம் பகிடி பண்ணியது.

"அப்பா இருக்கேக்கை நான் மீசை எடுக்கிறதோ?" என்றேன்.

எங்கள் பகுதியில் மீசை என்பது தகப்பன் இருக்கிறார் என்பதன் அடையாளம். அவர் கண்மூடினால்தான் மகன் முகம் மழிப்பான். வெறுமனே மழித்துக்கொண்டு போவது அவருடைய சாவைக் கூப்பிடுவது. ஐந்து வருடமாக அந்த வீட்டில் வாழ்கிறவளுக்கு அது தெரியும்.

"அப்ப வேண்டாம்" என்றாள். "திருப்புங்கோ மாமா."

கோபமில்லை அதில். கோபம் இருந்திருந்தால் நான் திரும்பியிருப்பேன். மறுபடியும் நாலு வருடம், பிறகும் நாலு வருடம் என்று ஆணியில் தொங்கத் தயாரான குரல் அது. மாமா துடுப்பை எடுக்கவில்லை. நான் வள்ளத்தில் ஏறிப் பையைத் திறந்து சவர அலகைத் தேடினேன். சவர்க்காரம் இல்லை. உப்புத் தண்ணீர். முகம் பார்க்க ஒன்றுமில்லை. அலகை அவள் வாங்கினாள். என் தாடையை ஒரு கையால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, இடமிருந்து வலமாக எடுத்தாள். மயிர் தண்ணீரில் விழுந்து மிதந்து விலகியது. மாமா வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பக் குதித்தேன். மேலுதடு நெருப்பாக எரிந்தது. ஆனால் தண்ணீர் வரவில்லை.

கலண்டரில் இருந்த நீலம் இதுதான். குழாய்க்குள் என் மூச்சு யாரோ கிழவர் தூங்குவதுபோலக் கேட்டது. ஊர் மதில்களில் செத்துக் கிடந்த கல்லெல்லாம் இங்கே உயிரோடு, ஊதாவாக, மஞ்சளாக, விரலாக, செவியாக விரிந்திருந்தது. இப்படி ஓர் அழகின் முன்னால் எனக்கு வந்தது பயம்தான். கிணற்றுப் பழக்கத்தில் கை சுவரைத் தேடி நீண்டது. சுவர் இல்லை. பிறகு கண்டேன், ஒருக்களித்துப் படுத்த நீலம். விலாவில் துளைகள். துளைகளுக்குள் புகுந்து வெளியேறும் சிறுமீன்கள்.

வாளி எடுக்கிற மாதிரி மூச்சைப் பிடித்து இறங்கினேன். அணியத்தில் பாசி. உள்ளங்கையால் தேய்த்தேன். வெள்ளை வந்தது. இன்னும் தேய்த்தேன்.

மேலே வந்தபோது அவள் விளிம்பில் குனிந்திருந்தாள்.

"கை கட்டையோ?"

"ஓம்."

"எந்தக் கை?"

"வலக்கை."

சரி என்பதுபோலத் தலையாட்டினாள். பிறகு, "வள்ளத்துக்குள்ளை?" என்றாள்.

"ஒண்டுமில்லை. மீன்தான்."

"என்ன மீன்?"

"சின்ன மீன். மஞ்சள் கோடு போட்டது."

மாமா தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். அவள் போடவில்லை. அழவும் இல்லை. கரை வரும்போது ஒன்றுதான் சொன்னாள்: "அம்மாட்டைச் சொல்ல வேண்டாம்." மூன்றாம் நாள் தங்காமல் புறப்பட்டோம். லோஞ்சில், பஸ்சில், என்னைக் கண்டவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர் எழுந்து எனக்கு இடம் தந்தார். அவள் யன்னலோரம் இருந்தாள், மடியில் கண்ணாடி.

உரும்பிராயில் படலையைத் திறக்கும்போது அம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்தா. கை வாய்க்குப் போனது.

"ஐயோ! என்னடா இது கோலம்? கொப்பர் அங்கை தோட்டத்துக்கை நிக்கிறார். ஆருக்கடா எடுத்தனி? ஆர் செத்தது?"

நான் வாய் திறக்கமுன் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ரை அண்ணை, மாமி. அண்ணை செத்துப்போனார்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டவள்போல நின்றாள். பிறகு படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நாலு வருடம் எங்கே இருந்ததோ, அந்தச் சத்தம் வந்தது.

வேதக்காரப் பெண் என்று ஐந்து வருடமாக அவளை அளந்து கதைத்த அம்மா, மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவளைத் தூக்கினா. சாவுத் துடக்கோடு வீட்டுக்குள் போகக்கூடாது. கிணற்றடிக்குக் கூட்டிப்போய், உடுத்த சேலையோடு இருத்தி, வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினா.

"எப்பவாம் பிள்ளை?"

"நாலு வருஷம், மாமி."

அம்மாவின் கை ஒருகணம் நின்றது. "நாலு வருஷத்துத் துடக்கு ஒரு முழுக்கோடை போயிடும்" என்றா. ஆனால் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

தோட்டத்திலிருந்து அப்பா வந்தார், தோளில் மண்வெட்டி. என் முகத்தைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார். மண்வெட்டியை மதிலில் சாத்திவிட்டு, வாளியை அம்மாவிடமிருந்து வாங்கினார்.

அடுத்த ஞாயிறு குருநகரில் பூசை ஒப்புக்கொடுத்தோம். மாமி கறுப்பு உடுத்து வந்தார், என்னோடு கதைக்கவில்லை. சண்டை தொடங்கியது, பண்ணைப் பாதை மூடுண்டது, தீவுகள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறொரு நாடாயின. மீசை வளர்ந்தது. நாங்கள் பிறகு ஒரு கடற்கரைக்கும் போகவில்லை.