பன்னிரண்டு வாட்டுக்கு இறக்கிய தாங்கி

நான் வேலை செய்கிற சலவைத் தொழிற்சாலையில் சிகரெட் பிடிப்பவர்களை மட்டும்தான் இடையில் வெளியே போக விடுவார்கள். பிடிக்காதவள் மதியம் வரை ஹோட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதியில்லை. மேற்பார்வையாளரும் பிடிக்கிற ஆள் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. நான் புகைக்கத் தொடங்கியது அதற்காகத்தான். நாகரிகத்துக்கும் இல்லை, கவலைக்கும் இல்லை. என் இடுப்புக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு வேண்டியிருந்தது.

ஜெர்மனியில், நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டில், ஒரு தமிழருக்கும் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். இங்கே கலியாணமோ பிறந்தநாளோ எது நடந்தாலும் மண்டபத்தின் பின்கதவுக்கு வெளியே ஆண்கள் வட்டமாக நின்று சிகரெட் பத்துவார்கள். பெண்கள் அங்கேயே தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். தட்டை நீட்டுகிற சாட்டில் அந்த மணத்தை மூக்கால் இழுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். எனக்கு அனுமதி அவ்வளவுதான்.

பிறகு என்னோடு வேலை செய்கிற போலந்துக்காரி ஒருத்தி வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினாள். நானும் மாறினேன். உடுப்பில் மணக்காது என்பதே எனக்குப் போதுமான காரணம். கடையில் விற்கிற கொயில்கள் கெதியில் கருகிப்போகின்றன என்று அவள் தானே கம்பி சுற்றிப் போடுவாள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தாங்கி என்கிற சின்னக் குப்பிக்குள் திரவம் இருக்கும். அடியில் ஒரு கம்பிச் சுருள், அதுதான் கொயில், சுருளுக்குள் பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். அவள் செய்வதைப் பார்த்து நானும் செய்தேன். என்னுடையது சின்னத் தாங்கி. குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும். ஊதினால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. அதைத் தையல் பெட்டிக்குள், பட்டன்களுக்குக் கீழே வைத்திருந்தேன். அந்தப் பெட்டியை என் கணவர் ஒரு நாளும் திறந்தது கிடையாது. பட்டன் அறுந்தால் சட்டையைக் கழற்றி என் மடியில் போடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் இவருக்கு நெஞ்சு அடைத்தது. வேலையிடத்தில் விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இருதய டொக்டர் சொன்னதை நான்தான் கட்டிலின் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். எப்போதும் நான்தான் சொல்வது. சிகரெட்டை விடாவிட்டால் இன்னொரு குழாய் அடைபடும், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த அடுத்த நாளே குப்பைத் தொட்டிப் பக்கம் போய்ப் பத்திவிட்டு வந்தார். பல்லைத் தீட்டினால் எனக்கு மணக்காது என்ற நினைப்பு.

இவருடைய கூட்டாளிமார் சேர்ந்து ஒரு பரிசு கொண்டுவந்தார்கள். பெரிய வேப். கைக்குள் அடங்காத பெட்டி, அதன் மேல் போத்தல் மூடியளவு அகலமான தாங்கி. எல்லாருக்கும் முன்னுக்கு நின்றவர் இவரைவிட வயதில் குறைந்த ஒருவர். வாயால் ஊரையே விலைக்கு வாங்குகிற ஆள்.

"அண்ணை, இதை ஒருக்கா இழுங்கோ. பிறகு சிகரெட்டைக் கண்டாலே ஓடுவியள்."

இவர் சிகரெட்டை இழுப்பது போல ஒரு இழுவை இழுத்தார். முகம் கறுத்து, கண்ணால் தண்ணீர் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். வீடு முழுக்கப் புகை.

"ஐயோ, என்ரை நெஞ்சு!"

"நெஞ்சில்லை அண்ணை, தொண்டை. பழகினால் சரியாப் போகும்."

"புட்டுப் பானையை வாயிலை வைச்சமாதிரிக் கிடக்கு. கொண்டுபோடா உதை!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்ன பிழை என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அது எழுபது வாட்டில் இரண்டு தடித்த கொயில்களைச் சுடவைத்து, ஆவியை நேரே நுரையீரலுக்குள் இழுக்கிறவர்களுக்காகச் செய்த சாமான். இருபது வயதுப் பொடியங்கள் தெருவில் நின்று மேகம் விடுவார்களே, அவர்களுக்கு. சிகரெட்காரன் முதலில் வாய்க்குள் இழுப்பான், பிறகுதான் உள்ளே விடுவான். அவனுக்கு ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது போல இறுக்கம் வேண்டும். இவருக்கு இந்தத் தாங்கி ஒத்துவராது. ஒத்துவரச் செய்ய எனக்குத் தெரியும். ஆனால் கை வைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்.

சில நாட்கள் சும்மா இருந்தேன். இவர் ஒவ்வொரு நாளும் குப்பை கொட்டப் போனார். எங்கள் வீட்டில் அவ்வளவு குப்பை இல்லை. ஒரு நாள் படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். உதடு நீலமாக இருந்தது. எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். இந்த மனிதருக்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடியவள் நான், ஆஸ்பத்திரிப் படிவங்களை நிரப்பியவள் நான், இப்போது என் கண்ணுக்கு முன்னாலேயே சாகப் பார்க்கிறார். தையல் பெட்டியை எடுத்து வந்து குசினி மேசையில் கொட்டினேன்.

"என்ன செய்யிறீர்?"

"உங்கடை புட்டுப் பானையைச் சின்னனாக்கிறன். இருங்கோ."

தாங்கியைக் கழற்றினேன். இரண்டு கொயிலையும் பிடுங்கி எறிந்தேன். மெல்லிய கம்பியை ஒரு பின்னல் ஊசியில் சுற்றி, ஒரே ஒரு கொயிலாகப் போட்டேன். கம்பி மெலிந்தால் குறைந்த மின்சாரம் காணும். மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அப்படியே விட்டால் அந்தப் பக்கத்தால் காற்று வரும், ஆவியும் பெரிய இடத்துக்குள் பரவிச் சப்பென்று போகும். கேக் சுடும்போது தட்டில் விரிக்கிற சிலிக்கன் விரிப்பில் ஒரு துண்டை வெட்டி அந்தப் பாதியை அடைத்தேன். கொயிலுக்குக் கீழே இருந்த காற்று ஓட்டைக்கும் ஒரு துண்டு வைத்து, அதில் சுட்ட ஊசியால் சின்னத் துளை போட்டேன். வாய் வைக்கிற குழாயும் அகலம். அதைக் கழற்றிவிட்டு என்னுடைய ஒடுங்கிய குழாயைப் போட்டேன்.

இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு உது எப்பிடித் தெரியும்?"

"நானும் பத்துறனான்."

பிறகு இவர் கேட்ட கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை.

"ஆரோடை?"

"வேலையிலை, வெளியிலை நிண்டு."

"அதுதான், ஆரோடை எண்டு கேக்கிறன். ஆம்பிளையளோடையோ?"

"குளிரோடை."

எழும்பிப் போய்விட்டார். நான் பஞ்சை நுழைத்து, திரவம் ஊற்றி, பெட்டியைப் பன்னிரண்டு வாட்டுக்கு இறக்கி, மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் அது மேசையில் இல்லை.

முதல் தடவை சரிவரவில்லை. குறைந்த சூட்டுக்குப் பஞ்சு போதாமல் திரவம் ஒழுகி, இவருடைய சட்டைப் பை நனைந்துபோனது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பஞ்சைக் கூட்டினேன். கூட்டினது அதிகமாகி, திரவம் ஏறாமல் கருகியது. திரும்பவும் வைத்தார். மூன்றாம் தடவை பஞ்சின் நுனிகளைச் சீவி மெல்லிசாக்கி விட்டேன். இழுத்துப் பார்த்தார். இருமல் இல்லை. முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. வந்ததை எனக்குக் காட்டக்கூடாது என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் இவர் சிகரெட் தொடவில்லை. இதுவும் நல்லதென்று சொல்ல வரவில்லை. டொக்டரும் இரண்டும் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் சிகரெட்டை விட்டது பெரிய விஷயம் என்றார். படியேறும்போது இடையில் நிற்பது குறைந்தது. என்னோடு பேசுவதும் குறைந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

"இனி நீர் விட்டிடும். வீட்டுக்கு ஒராள் காணும்."

நான் விடவில்லை.

கூட்டாளிமார் கேட்டபோது, டார்ம்ஸ்டாட்டில் வேலை செய்கிற எங்கள் மகன்தான் செய்து தந்தான் என்று சொல்லியிருக்கிறார். மகன் போன் எடுத்துச் சிரித்தான்.

"அம்மா, மாமா ஒராள் போன் எடுத்துத் தனக்கும் ஒண்டு செய்து தரட்டாம். நான் என்னத்தைச் செய்தனான்?"

"நீ செய்யேல்லை. நான் செய்தனான். அதை அவருக்குச் சொல்லு."

"அப்பா முதலே நான் எண்டு சொல்லிப்போட்டார். விடுங்கோ அம்மா. எகால்."

எகால் என்றால் இந்த நாட்டில் எப்படியென்றாலும் பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொல்ல அவனுக்கு என்ன. பெயர் அவனுக்குத்தானே போகிறது.

பரிசு கொண்டுவந்த அந்த வாய்க்கார ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய தாங்கியோடு வந்து இறங்கினார். மகன் வீட்டுக்கு வந்திருப்பான் என்று நினைத்திருக்கிறார்.

"அவன் வரேல்லை. வைச்சிட்டுப் போ, வந்தாப்போலை குடுக்கிறன்," என்றார் இவர்.

"இல்லை அண்ணை, இது ஒழுகி ஒழுகிக் கார் சீற்றெல்லாம் நாறுது. போனிலை வீடியோவாலை காட்டச் சொல்லுங்கோவன், நானே பூட்டுறன்."

சொல்லிக்கொண்டே மேசை விரிப்பில் தாங்கியைத் திறந்தார். திரவம் விரிப்பில் ஊற்றியது. கொயிலைத் தலைகீழாகப் பூட்டப் பார்த்தார். தேத்தண்ணீரோடு வந்த நான் தட்டை வைத்துவிட்டு அவர் கையிலிருந்து அதை வாங்கினேன்.

"நீர் உள்ளை போம்," என்றார் இவர்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். துடைத்தேன், சுற்றினேன், அடைத்தேன், பஞ்சைச் சீவினேன். கடைசியில் ஒரு வேலை இருக்கிறது. இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்காமல் இறுக்கம் சரியா, கருகுகிறதா என்று சொல்ல ஏலாது. நான் இழுத்தேன். அவருக்கு முன்னால், இவருக்கு முன்னால், சுவாமிப் படத்துக்கும் முன்னால். ஊதினேன்.

"அக்கா... நீங்களோ?"

"ஓம் தம்பி, நான்தான். அண்ணையின்ரையும் நான்தான் செய்தனான்."

"அப்ப மோன்?"

"அவனுக்குத் தன்ரை வீட்டு பல்பைக் கழட்டவும் தெரியாது."

அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குழாயைக் கடதாசியால் வடிவாகத் துடைத்தார். இவர் பல மாதங்களாக வாயில் வைத்திருப்பது என் குழாய். அந்த நேரம் இவரும் அதை நினைத்திருக்க வேண்டும். தன்னுடையதைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"அண்ணை, வீட்டுக்குள்ளையே கடை வைச்சிருக்கிறியள். நாங்கள்தான் தெரியாமல் வெளியிலை அலையிறம்," என்று பகிடி விட்டுவிட்டு அந்த ஆள் போனார். செய்து கொடுத்ததை விட்டுவிட்டுப் போகவில்லை.

கிழமை முடிவதற்குள் கதை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கதை என்ன தெரியுமா? இவருக்கு இந்தப் பழக்கத்தைப் பழக்கியதே நான்தானாம். மீசை முளைக்க முதல் பத்தத் தொடங்கியவர் இவர், நான் கழுத்தை நீட்டியபோதே விரல் நுனி மஞ்சள். மண்டபப் பின்கதவில் ஒவ்வொரு கலியாணத்திலும் இவர் பத்தியதைக் கண்ட அதே பெண்கள்தான் எனக்குப் போன் எடுத்தார்கள்.

"அக்கா, கேள்விப்பட்டது உண்மையே? பாவம் அந்த மனுசன், நெஞ்சு வருத்தக்காரன்."

"உண்மை. உங்கடை மனுசன்ரையையும் கொண்டுவாங்கோ, திருத்தித் தாறன்."

வைத்துவிட்டார்கள்.

இவர் அன்றிரவே தாங்கியைக் கொண்டுவந்து கரண்டிகளுக்கு நடுவில் போட்டார். கழுவவும் இல்லை. நான் கேட்டேன்.

"ஏன், ஒழுகுதே?"

"ஊர் சிரிக்குது. பெண்டிலின்ரை எச்சிலை உறிஞ்சுறானாம் எண்டு கதைக்கிறாங்கள். எனக்கு உது வேண்டாம். நான் ஆம்பிளை, சிகரெட் பத்துறன்."

"செத்துப்போவியள்."

"போறன்."

திரும்பவும் குப்பைத் தொட்டிப் பக்கம். இப்போது பல்லும் தீட்டுவதில்லை. நான் யாருக்கும் ஒளிக்காமல் பால்கனியில் நின்று பிடிக்கிறேன். மேலே நின்று பார்த்தால் இவருடைய உச்சந்தலை தெரியும். நான் நிற்பது தெரிந்தும் நிமிர மாட்டார். ஒரு சின்னத் துண்டு சிலிக்கன், கொஞ்சம் பஞ்சு. அந்த மனிதரின் உயிர் அதில் நிற்கிறது. அதை நான் செய்தேன் என்பதற்காக அவருக்கு அது வேண்டாம்.

போன மாதம் இருதய டொக்டரிடம் டெர்மின், முதலே குறித்துத் தந்த நேரம். வழக்கம்போல நானும் போனேன். இரத்த அழுத்தம் பார்த்தார், மார்பில் வயர்கள் ஒட்டி அந்தக் கடதாசியை நெடுநேரம் பார்த்தார். பிறகு இவரிடமே நேரே கேட்டார், இன்னும் புகைக்கிறீர்களா என்று. இவருக்கு விளங்கியது. ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

"இல்லையெண்டு சொல்லும்."

நான் டொக்டரைப் பார்த்தேன்.

"யா," என்றேன் ஜெர்மன் மொழியில். "விட்டிருந்தார். திரும்பவும் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு நாளும்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிறையப் பேசினார். ஒரு சொல்லையும் குறைக்காமல், மெதுவாக்காமல் நான் தமிழில் சொன்னேன். செத்துப்போகும் இருதயத் தசை திரும்ப வராது என்பதையும் சொன்னேன். இவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ராம் தரிப்பில் வந்துதான் வாய் திறந்தார்.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டீர்."

"ஓம்."

"வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்னைப் பொய்யனாக்கிப்போட்டீர்."

"பொய் சொல்லச் சொன்னது நீங்கள். பையிலை உங்கடை தாங்கி கிடக்கு, புதுப் பஞ்சு போட்டுக் கொண்டு வந்தனான். தரட்டோ?"

சுற்றிப் பார்த்தார். தள்ளுவண்டிலில் பிள்ளையோடு ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றது. எங்களுக்குத் தெரிந்த முகம் இல்லை. அதுவே இவருக்குப் போதும். தரிப்பின் மற்றத் தொங்கலுக்கு நடந்து போய், என்னோடு வராத ஆள் மாதிரி நின்று, சிகரெட்டைப் பற்றவைத்தார். ட்ராம் வந்தது. இவர் முன்கதவால் ஏறினார், நான் பின்கதவால் ஏறினேன்.