நசீர் பாயின் நம்பர்

பின்லாந்தில் கணினி கெட்டுப்போனாலும் வரிசைச் சீட்டு எடுத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டுத்தான் உட்கார வேண்டும். பல்கலைக்கழக உதவி மையத்தில் நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முந்தின இரவு, இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றட்டுமா என்று லேப்டாப் கேட்டது. சரி என்று சொல்லி என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். காலையில் நீலத்திரை. மீட்பு எண்ணைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்கிறது. உள்ளே என் ஆய்வேடு, வேறெங்கும் பிரதி இல்லை. மாலைக்குள் கொடுக்காவிட்டால் படிப்பும் போச்சு, விசாவும் போச்சு.

"மோய்" என்று வணக்கம் சொன்ன மைய ஊழியர் யூஹானி நிதானமான மனிதர். மீட்பு எண் என் இணையக் கணக்கில் இருக்கும், அதைத் திறக்க என் போனுக்கு ஒரு சரிபார்ப்பு எண், அதாவது கோடு, வரும் என்றார். வரவில்லை. திரையில் தெரிந்த கடைசி இரண்டு இலக்கங்கள் என்னுடையவை அல்ல. யாருடையவை என்று விளங்கியபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நசீர் பாயின் பிரவுசிங் சென்டர். கல்லூரி விண்ணப்பம் போட எங்கள் காவலூர் மலையிலிருந்து இறங்கிப் போன அன்று, அவர்தான் எனக்கு இந்த மெயில் கணக்கைத் திறந்து கொடுத்தார். "மேல டவரே எடுக்காது, உன் நம்பரப் போட்டு இன்னா பண்றது? என்னுத போட்றேன்" என்றார். காவலூர்ப் பக்கமிருந்து வருகிற எல்லோருக்கும் அப்படித்தான். அங்கே பாஸ்வேர்டை உரக்கச் சொல்வோம். பின்னால் நிற்கிறவர் பிழை திருத்துவார். நம்மூரில் யாருக்கும் அது தப்பாகப் பட்டதே இல்லை.

"யாருடைய எண் இது?"

"எங்கள் ஊர்க் கடைக்காரருடையது."

"உறவா?"

"இல்லை."

"பிறகு எப்படி உன் கணக்கு அவர் கையில்?"

அவர்தான் திறந்து கொடுத்தார் என்றேன். போலீஸில் சொல்லலாமா என்று யூஹானி தணிந்த குரலில் கேட்டார். பகீரென்றது. கணக்கை யாரோ திருடிவிட்டதாக நினைத்துவிட்டார். யார் நினைப்பு சரி என்று எனக்கே குழம்பிவிட்டது.

பாய் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, அங்கே தொழுகை நேரம். கோடு காலாவதியானது. மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி அடித்தேன்.

"யாரு, முருகேசனா? எங்க கீற நீ?"

"பின்லாந்துல பாய். உங்க போனுக்கு ஒரு கோடு வந்திருக்கும்."

"காலைலேந்து எல்லாருதும் வந்துகினே கீது. இரு, உன்னுத பாக்கறேன்."

சொன்னார். கணக்கு திறந்தது, அதிலிருந்த மீட்பு எண்ணை யூஹானி பொறுமையாகத் தட்ட, லேப்டாப் எழுந்துவிட்டது. ஆய்வேடு அப்படியே இருந்தது. அங்கேயே அனுப்பினேன். அழுகை வந்தது, இங்கே அழலாமா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டேன்.

"முதலில் அந்தக் கடைக்காரர் எண்ணை நீக்கு" என்றார் யூஹானி. நியாயம்தான். பின்லாந்து எண்ணைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்கப் போனேன். அதற்கான கோடும் பாய்க்கே போயிற்று. அவரே கூப்பிட்டார்.

"இன்னொன்னு வந்துகீதேப்பா, இன்னாது இது?"

"உங்க நம்பர எடுக்கறதுக்குதான் பாய்."

பஸ் ஹாரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"எடுத்துடு, எடுத்துடு" என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி முடித்தார். "ஆனா அப்பால உனுக்கு இன்னா ஆச்சுன்னு எனுக்கு எப்டிப்பா தெரியும்?"

எல்லாவற்றையும் தட்டிவிட்டேன். உறுதிசெய்யும் பொத்தான் மட்டும் பாக்கி. பக்கத்தில் யூஹானி, காதில் பாய். இருவரும் என் நல்லதுக்குத்தான் காத்திருந்தார்கள். என் விரல்தான் நகரவில்லை.