பஸ்ஸில் முடிந்த படம்

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், அவருக்குப் பிடித்த கறுப்பு வெள்ளைப் படம் டிவியில் ஓடியது. சின்ன வயதில் கண்டித் தியேட்டரில் பலமுறை பார்த்தும் முடிவை மட்டும் பார்த்ததில்லை. எங்கள் ஊரான ஹேவாஹெட்டைக்குக் கடைசி பஸ் போய்விடுமென்று, கதாநாயகன் ஆற்றில் விழும்போதே அப்பா எழுந்துவிடுவார். ஈரச்சட்டையும் வறுத்த கடலையும் மணக்கும் பஸ்ஸில், அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"அப்புறம் என்னாச்சுங்க?"

"செத்துப் போயிட்டான். அவ சோத்த மூடி வச்சிக்கிட்டு காத்துக்கிட்டே இருக்கா. அதான் படம்."

இன்று முழுதாகப் பார்த்தேன். கதாநாயகன் உயிரோடு திரும்பினான்; எல்லோரும் ஆடிப் பாடினார்கள். ஊரே காவியம் என்கிற படம் இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

குசினியிலிருந்து அம்மா கேட்டாள்: "முடிவு என்னாச்சு?"

"செத்துப் போயிட்டான்மா."

"அப்பா சொன்னாருல்ல" என்றபடி, அப்பாவின் தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள்.