சொந்தப் பலகாரத்தை ஏலம் கேட்டவர்

பாறசாலையில் சிறிய பலகாரக்கடை வைத்திருந்தவர் அவர். ஒட்ட வெட்டிய நரை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எப்போதும் கருப்பட்டி மணக்கும் கைகள்.

எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகையில், காணிக்கையாக வரும் சேனையும் வாழைக்குலையும் ஏலம் போகும். வருவாய்த் துறையில் ஜப்தி ஏலங்கள் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் மேற்பார்வை என் தலையில். அந்த வருடம் அவர் தன் கடையில் செய்த ஒரு டின் முந்திரிக்கொத்து கொடுத்தார். ஏலம் தொடங்கியதும் அதைத் தானே கேட்டார். யார் கூட்டினாலும் பேசாமல் விரலை உயர்த்திக்கொண்டே இருந்தார்.

தனியே அழைத்தேன். "உம்ம பலகாரத்த நீரே ஏலம் பிடிக்கப்பிடாது வேய்."

"குடுத்தாச்சுல்லா சாரே. இப்போ அது சபைக்க சாதனமாக்கும்."

சட்டப்படி சரிதான். அதுதான் என்னை உறுத்தியது. "பின்ன எதுக்கு இந்த வாசியும் வீம்பும்?"

"எதிர்த்தாப்புல சூப்பர்மார்க்கெட்டு வந்தபொறவு கடையில ஈயாக்கும் ஓட்டுதேன். நோட்டீசு அடிச்சா ஆரு வாசிப்பா? ஏலத்துல அடிபிடி உண்டுன்னா எல்லாவனும் திரும்பிப் பாப்பான்."

டின்னை ஏலத்தில் எடுத்து, அங்கேயே திறந்து எல்லோருக்கும் பங்கிட்டார். நானும் சந்தேகத்துடனே ஒன்றைத் தின்றேன்.

மறுவருடமும் டின் வந்தது. அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் விடாமல் போட்டியிட்டார்கள். அதில் இருவர் அவர் ஏவிவிட்ட ஆட்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. மேற்பார்வையாளர் ஏலம் கேட்பது விதிமீறல் என்று தெரிந்தே கேட்ட மூன்றாவது ஆள் நான்.