அடுப்பு எரியாத வெள்ளிக்கிழமை

நான் ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து. பிறந்தது மைசூர் சமஸ்தானத்தில், கோலாருக்கு அந்தப் பக்கம். நடுவில் மலைகள், ஒரு ரயில் பாதை, அவ்வளவுதான் தூரம். ஆனால் ஒரே சண்டையை இரண்டு ஊரும் இரண்டு விதமாக ஞாபகம் வைத்திருந்தன.

பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் மைசூர்ப் படை இறங்கி வந்து ஆம்பூர் மலைக்கோட்டையைப் பிடித்ததாம். நான் பிறந்த ஊரில் தை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை அதற்குக் கொண்டாட்டம். விடிந்ததும் அதிர்வேட்டு, கொடி, வீட்டுக்கு வீடு மலீதா. ரொட்டியை நொறுக்கி வெல்லமும் நெய்யும் தேங்காயும் போட்டுப் பிசைவது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அன்றைக்கு அண்ணன்தம்பி மலீதா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறந்த வீடு மறந்துவிட்டது என்று பேச்சு வரும்.

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அதே வெள்ளிக்கிழமை துக்கம். கோட்டையைக் காத்துச் செத்த சிப்பாய்களின் சமாதிகள் மலையடியில் இருந்தன. ஜும்மா தொழுகை முடியும்வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. சமைத்த பண்டம் வாசல்படி தாண்டாது. எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று காலை என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் மாமியார் சொன்னார்.

அண்ணன் வரப்போகிறான். கல்யாணமாகிப் பத்து மாதமாகப் பிறந்த வீட்டு முகம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வேன்?

புகையில்லாத ஊரை அதுவரை நான் பார்த்ததில்லை. தெருவில் பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. தோல் பதனிடும் கொட்டகைகளிலிருந்து ஆவாரம்பட்டை வாசம் மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது. மலை எங்கே போனது என்று தேடினேன். அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஜன்னலோரம் நின்றபடியே எந்த ஊரில் இருக்கிறேன் என்பது எனக்கு மறந்துபோயிற்று. அப்போது பனிக்குள்ளிருந்து அண்ணன் வந்தான். கையில் பித்தளை டப்பா, முகமெல்லாம் சிரிப்பு. பாவி, புதுச் சட்டை வேறு.

வாசலில் நின்ற மாமியாருக்கு சலாம் சொன்னான். நான் உள்ளிருந்து வாயை மூடு என்று கையாட்டினேன். என்றைக்கு அவனுக்கு என் சாடை புரிந்தது?

“எங்க ஊர்ல இன்னிக்கு ஜெயிச்ச நாள் மாமி. மலீதா கொண்டாந்தேன்.”

மாமியார் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆளு உள்ள வரலாம். டப்பா வெளிய இருக்கட்டும்” என்றார்.

அண்ணன் வெளித்திட்டில் டப்பாவை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அம்மாவின் முழங்கால் வலி, ஆடு போட்ட ரெட்டைக் குட்டி, எல்லாம் சொன்னான். எனக்கு அவன் குரலே போதுமாயிருந்தது. சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பியதும் மாமியார் வெளியே போய் டப்பாவைத் திறந்தார். எறும்பைத் தட்டிவிட்டு முகர்ந்து பார்த்தார்.

“நாங்களும் இதத்தான் பண்றோம். செத்தவங்களுக்கு வெச்சு ஓதறதுக்கு.” டப்பாவை அண்ணனிடம் நீட்டினார். “நீயே எட்த்துட்டுப் போயி சமாதில வெச்சு பாத்திஹா ஓதிட்டு வா. அப்புறம் எல்லாரும் சாப்புடலாம்.”

போனவன் வெகுநேரம் கழித்து வந்தான். “சின்னச் சின்ன சமாதிம்மா” என்று என்னிடம் மட்டும் சொன்னான். “ரெண்டு மூணு நம்ம வீட்டுப் பசங்க அளவுதான் இருக்குது.” அன்றைய மலீதா கொஞ்சம் காய்ந்திருந்தது. அப்படி ஒரு ருசியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. டப்பாவை மறந்து வைத்துவிட்டு ரயிலேறிப் போனான்.

அவனுக்கு ஓட்டை வாய். ஊரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஜெயித்த நாள் மலீதாவைத் தோற்றவன் தலைமாட்டில் வைத்தாயா என்று பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த தை பிறக்கும் முன்பே கடிதம் வந்தது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, இனி அந்த வெள்ளிக்கிழமை வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. படித்து அழுதுவிட்டுத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அதே பனி. தொழுகை முடிந்து தெருவெல்லாம் புகை கிளம்பிவிட்டது. மாமியார் பித்தளை டப்பாவைப் புளி போட்டுத் துலக்கிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“இன்னா, உங்க அண்ணன் இன்னும் வர்லியா?”

“ரயில் லேட்டு போல இருக்குது” என்றேன்.

“சரி, வரட்டும்” என்று தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார். அன்று எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் சாயங்காலம் வரை எரியவில்லை.