சாயம் போன பிறகு

இந்த ஜெர்மன் நகரத்தில் தேயிலைப் பையைக் கோப்பையில் ஒருமுறை முக்கி, சாயம் ஒழுக ஒழுகவே குப்பையில் போடுகிறார்கள். வந்து நான்கு வருடமாகியும் அதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இலங்கையில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்துக் காம்பராவில் ஒரே தூளில் மூன்று முறை வெந்நீர் ஊற்றுவோம். "சாயம் எறங்குற வரைக்கும் ஊத்து, போயிட்டா கொட்டிரு" என்பாள் அம்மா.

கண்டியில் பத்திரிகை நிருபராக இருந்த நான், இங்கே ஒரு இரசாயன ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறேன். என் விசா அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. எல்கே என்ற ஆய்வாளர் அங்கே மூலக்கூறுகளை வளையங்களாக்கி ஒன்றுக்குள் ஒன்றைக் கோக்கிறார். முதலில் ஒரு செம்பு அணு இரண்டு இழைகளைக் குறுக்காகப் பிடித்துக்கொள்ளும். பிறகு இழைகளின் முனைகளை இணைத்து மூடுவார். செம்பு இருக்கும்வரை கரைசல் கடும் சிவப்பு. பால் விடாத நம் பிளேன்டியின் நிறம்.

போன மாதம் ஒரு காலை அவருடைய குடுவை அந்த நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. மத்தியானம் பார்த்தால் தண்ணீராக வெளுத்திருந்தது. பக்கத்தில் ஆளில்லை. கழிவுப் போத்தலில் ஊற்றிவிட்டு, குடுவையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"இதிலிருந்தது எங்கே?" என்று எல்கே கேட்டார்.

"சாயம் போய்விட்டது. கொட்டிவிட்டேன்."

"அது போகத்தானே இரண்டு மாதம் உழைத்தேன்!"

கழிவுப் போத்தல் அன்று காலைதான் மாற்றியது. அதில் வேறெதுவும் கலந்திருக்கவில்லை. அதை நம்பி அவர் மீட்கத் தொடங்கினார். மூன்று நாட்கள் நான் மூடுபனிக்குள் நடப்பவனைப்போல் நடமாடினேன். ஊர்ப்பக்கம் கலஹாவில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி போனில் பேசியபோது விஷயத்தைச் சொன்னேன்.

"வேல போயிட்டா வந்துருவியாண்ணே?"

"எங்க வர்றது? அம்மாவும் இல்ல. காம்பராவையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"அப்ப நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்? பேப்பர்காரரு பேச்சப் பாரு!"

நான்காம் நாள் எல்கே ஒரு சிறு சீசாவை நீட்டினார். அடியில் ஒரு சிட்டிகை வெண்பொடி. "பாதி கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை" என்றார். பிறகு இரு கைகளிலும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துக் காட்டினார். செம்பை எடுத்தாயிற்று. இந்த வளையங்களுக்கு இடையில் இப்போது ஒட்டும் இல்லை, கட்டும் இல்லை. ஆனாலும் ஒன்றை உடைக்காமல் மற்றது வெளியே வராது.

அன்று மாலை என் அறையில் அதே தூளில் நான்காவது முறையாக வெந்நீர் ஊற்றினேன். சாயமே இறங்கவில்லை, கோப்பையின் அடி தெரிந்தது. கொட்டப்போன கை நின்றது, குடித்தேன். வெளியே பனிமூட்டம் இறங்கி எதிர்க் கட்டடத்தை மறைத்தது. அதற்குப் பின்னால் எங்கள் லயத்து விளக்குகள் எரிவதாகவே நினைத்து நெடுநேரம் பார்த்திருந்தேன்.